மூங்கில் கழியில் வெயில்

வெள்ளி இரவு முகாமிலிருந்து வந்ததும்
முதலில் மீட்டரைத்தான் பார்ப்பேன்.
இரண்டு வெள்ளி முப்பது காசு.
எங்கள் வீட்டில் கரண்டுக்கு முன்பணம்.
தீர்ந்துபோனால் மின்விசிறி
மூன்று சுற்று சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு நிற்கும்.

புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீடு.
பதினோராம் மாடி, மேற்குப் பக்கம்.
மாலை நான்கு மணிக்குச் சுவரில் கை வைத்தால்
தோசைக்கல்.
அந்த வெயிலை எல்லோரும் திட்டினோம்.
மிருதுளா அளந்தாள்.

தங்கைக்குப் பதினேழு. தொழிற்கல்லூரி முதலாண்டு.
தாழ்வாரத்தில் எதுவும் வைக்கக் கூடாது, விதி.
மொட்டை மாடிக்குப் பூட்டு.
ஜன்னலுக்கு வெளியே எதையும் பொருத்தக் கூடாது,
அதுவும் விதி.
ஆனால் துணி காயப்போடலாம்.
சமையலறைச் சுவருக்கு வெளியே
கழி செருக நான்கு துளைகள்,
கட்டியவர்களே விட்டுவைத்தவை.

சிம் லிம் டவரில் மூன்று சனிக்கிழமை அலைந்து
வளையும் சூரியத் தகடுகளைப் பேரம் பேசி வாங்கினாள்.
கிழிந்த குடைகளின் துணியில் வைத்துத் தைத்தாள்.
கழியோடு இரண்டிடத்தில் கம்பி சுற்றினாள்,
கீழே போகிறவர் தலையில் விழக் கூடாதே.

முதல் நாள் கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
யாரோ ஒருவரின் போர்வை, ஒரு வரிசை பள்ளிச் சட்டைகள்,
நடுவில் கறுப்பாக ஒன்று.
வெயிலையே காயப்போட்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பேட்டரி என்றால் பயம்.
மின்ஸ்கூட்டர் வெடித்துக் கரிந்த வீட்டைச் செய்தியில் பார்த்தவள்.
இது வேறு வகை, இரும்பு கலந்தது என்று
கல்லூரிப் பட்டறையில் ஆணி குத்திய காணொளியைக் காட்டினாள்.
புகை வந்தது, தீ வரவில்லை.
அம்மா புகையை மட்டும் பார்த்தாள்.

பெட்டி, சோற்றுக் குக்கர் அளவு.
ஒரு விசிறி, ஒரு விளக்கு, இரண்டு கைப்பேசி,
ஓர் இரவு தாங்கும்.

சிக்கல் கிழக்கில் இருந்தது.
அந்தப் பக்க வீடுகளை மறைத்துக்கொண்டு இன்னொரு புளோக்.
அங்கேதான் ரொஹானா. மகன் இட்ரிசுக்கு இழுப்பு,
மருந்தைப் புகையாக்க ஒரு சின்ன இயந்திரம்.
பின்னிரவு இரண்டு மணிக்கு லிஃப்டில்
செருப்பில்லாமல், கையில் வங்கி அட்டையோடு,
மீட்டருக்குப் பணம் போட ஓடிய ரொஹானாவை
மிருதுளா ஒருமுறை பார்த்திருக்கிறாள்.
இந்தக் கதை அங்கே ஆரம்பித்தது.
துணியும் கழியும் பிறகு வந்தவை.

ஒரு மாதம் உட்கார்ந்து நிரல் எழுதினாள்:
எந்தப் பெட்டி, எப்போது, யார் வீட்டுக்கு,
தேவை, இருப்பு, முன்னுரிமை.
யாரும் செயலியைத் திறக்கவில்லை.
சாயங்காலம் மேற்கே ஒரு கதவைத் தட்டுவார்கள்.
பெட்டி கைமாறித் தாழ்வாரத்தில் நடந்து போகும்.
காலையில் காலியாக வரும்,
மேலே ஒரு தட்டில் பாண்டான் மணக்கும் கூவே.
வெறும் பாத்திரத்தை எவர்தான் திருப்பித் தருவார்?
அவளுக்குக் கோபம், நாலாயிரம் வரி.
கூவேயைத் தின்றுகொண்டே அழித்தாள்.

போட்டியில் நடுவர் கேட்டாராம்,
இதை எப்படிப் பெரிதாக்குவாய் என்று.
"துணி துவைக்கிற வீடெல்லாம் இருக்கிறதே."
பரிசு, கடலலையிலிருந்து மின்சாரம் எடுத்த பையனுக்கு.
அதுவும் நல்ல வேலைதான் என்றாள்,
இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு.

இந்த வாரம் தொடர்ந்து மழை.
நான் வந்து காலணியைக் கழற்றும்போதே
விசிறி தன் மூன்று சுற்றைச் சுற்றியது.
"பெட்டி எங்கே?"
"கிழக்கே."
மேற்கில் மேகம் விலகிய இடத்தில் வெள்ளி தெரிந்தது.
அதை மீட்டரில் போட முடியுமா பார் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தாழ்வாரத்தின் அந்தக் கோடியில்,
கம்பிக் கதவுக்குப் பின்னால்,
சின்ன இயந்திரம் உறுமுவதைக்
கேட்டுக்கொண்டிருந்தாள்.
"இன்னும் பத்து நிமிஷம் தாங்கணும்."
மணி பார்த்தாள்.
அவள் கைப்பேசியில்
ஏழு சதவீதம்.